என் முதல் ராப்பை அழித்துவிட்டேன்

நான் பாடிய ராப்புக்கு என் அம்மாவைத் தண்டித்தார்கள்.

இன்று காலை பெரும்பாறையில், காப்பி பறிக்கப் போகும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த அம்மாவை மேஸ்திரி கீழே இறக்கிவிட்டார்.

காரணம், போன வாரம் நான் ஏற்றிய முதல் வீடியோ. தோட்டத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை என்று அதில் பாடியிருந்தேன்.

ஓடிப்போய் மேஸ்திரியிடம் கேட்டேன்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. தோட்டத்துப் பேரச் சொல்லிட்டியே! மொதலாளி காதுக்குப் போயிருச்சு. வெரசா அழி, ஒங்கம்மா ஏறட்டும்."

"அதுல எது பொய்யின்னு சொல்லுங்க, அழிக்கிறேன்."

"ஏலே, பொய்யின்னு யாரு சொன்னா?"

நேற்றுவரை அந்தப் பாட்டை என்னிடமே பாடிக் காட்டிய அக்காக்கள் ஜீப்புக்குள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் வேலை வேண்டும்.

"அழிச்சிரு சாமி," என்றார் அம்மா. "தண்ணி குடிக்காம இருந்து பழகிருச்சு. வேலையில்லாம இருக்க முடியாது."

மேஸ்திரியின் கண்முன்னே அழித்தேன். அம்மா ஏறிக்கொண்டார்.

"சரிங்க, கக்கூஸ் எப்பக் கட்டுவீங்க?"

ஜீப் கிளம்பிவிட்டது.

வீடியோவைக் காணோம், லிங்க் அனுப்பு என்று கேட்கும் நண்பர்களே, முதலில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வாங்கித் தாருங்கள்.