நைனா எடுத்த முப்பத்தெட்டுப் படங்கள்

அம்மாவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்த அன்றைக்கு எடுத்த படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. நைனா முப்பத்தெட்டுப் படங்கள் எடுத்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் சித்தூரில் இருந்தோம். நைனா அங்கே உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அம்மா திருப்பதியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் தாவரவியல் விரிவுரையாளர். திங்கட்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினால் சனிக்கிழமை மாலைதான் திரும்புவாள். பாடம் நடத்திய நேரம் போக, மலையடிவாரத்தில் பெரணிச் செடிகளைத் தேடி அலைவாள். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. செடிகளைப் படமெடுக்கத்தான் கேமரா வாங்கினாள். நாளடைவில் செடிகள் குறைந்து, பஸ்ஸில் வாய் பிளந்து தூங்குகிறவர்களும் மாங்காய் மண்டி ஆட்களும் சர்ச் வாசலில் செருப்பைத் தேடுகிறவர்களும் அதற்குள் புகுந்துவிட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் குளியலறை சன்னலில் கறுப்புத் துணி ஏறிவிடும். அம்மா படம் கழுவி வெளியே வரும்வரை வீட்டில் யாருக்கும் எந்த அவசரமும் வரக் கூடாது.

மற்ற நாட்களில் எல்லாம் நைனாதான். தம்பிக்குச் சோறு ஊட்டுவார். எனக்குத் தலை பின்னுவார். இரண்டு பின்னலும் ஒருநாளும் ஒரே உயரத்தில் இருந்ததில்லை. எப்போதாவது புத்தூரிலிருந்து வரும் அத்தை, நைனாவின் அக்கா, இதையெல்லாம் பார்த்துப் பொருமுவார். "பொண்டாட்டி செடி பொறுக்கிக்கினு திரியறா, நீ இங்க சட்டி கழுவிக்கினு கீறியாடா?"

பட்டமளிப்பு விழாவுக்கு அத்தையும் வந்தார். முந்தின நாளே நைனா ஒரு புது ஃபிலிம் வாங்கி, யாரையும் கேட்காமல் தானே கேமராவில் போட்டு மூடிவிட்டார். அதற்கு முன் அவர் அதைத் தொட்டதுகூட இல்லை. "நாளைக்கி நீ இதத் தொடவே கூடாது. எப்பப் பாத்தாலும் நீயே எடுக்கற. ஒரு படத்துலயாவது நீ கீறியா?" என்று அம்மாவிடம் சொன்னார்.

விழா முடிந்ததும் அம்மா அங்கியோடு ஒரு வேப்பமரத்தடியில் வந்து நின்றாள். கல்லூரிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, "பாகா தீயண்டி மாஸ்டாரு!" என்று, நன்றாக எடுக்கச் சொல்லி நைனாவைத் தெலுங்கில் உற்சாகப்படுத்தினார்கள். அத்தை மட்டும், "இதுனாச்சும் ஒழுங்கா வருமாடா உனக்கு?" என்றார்.

"ஏன் வராது? நானே ஃபிலிம் போட்டேன்க்கா" என்றார் நைனா. ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். அடுத்த படத்துக்காக லிவரைத் தள்ளினார்.

நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். கேமராவின் இடது பக்கத்துக் குமிழ் சுற்றவில்லை. ஃபிலிம் நகர்ந்தால் அந்தக் குமிழும் சுற்ற வேண்டும், சுற்றாவிட்டால் ஃபிலிம் உள்ளே மாட்டவில்லை என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இரண்டாவது படத்துக்கும் அது அசையவில்லை. பதறிப்போய் அம்மாவைப் பார்த்தேன். அவளும் அந்தக் குமிழையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, அந்தக் குமிழு..." என்று ஆரம்பித்தேன்.

"நீயும் இங்க வந்து நில்லுடி" என்றாள் அம்மா. போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகியது.

ஒரு ஃபிலிமில் முப்பத்தாறு படங்கள்தான். அதைத் தாண்டியும் லிவர் நிற்கவில்லை. "முப்பத்தெட்டு! ரெண்டு படம் கூடவே குட்த்துக்கீறான்!" என்று நைனா கேமராவை அத்தையிடம் நீட்டிக் காட்டினார். முப்பத்தெட்டு தடவையும் அம்மா சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் குளியலறைக்குள் போனேன். கேமராவைத் திறந்தாள். ஃபிலிம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். குழாயைச் சும்மா திறந்துவிட்டு, விளக்கைப் போட்டு, கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் மாணவிகளின் பரீட்சைப் பேப்பர்களைத் திருத்தினாள். பிறகு வெளியே வந்து, "மருந்து பழசுங்க. கவனிக்காம கழுவிட்டேன். அத்தினியும் போச்சு" என்றாள்.

நைனாவின் முகம் சுண்டிப்போனது. "டாக்டராம் டாக்டரு" என்று அத்தை ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு, அக்கா" என்று நைனா அதட்டினார். அவர் அத்தையை அதட்டி அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் திரும்பி, "போனாப் போவுது, நீ ஒண்ணும் நெனச்சிக்காத" என்று சொல்லிவிட்டு, அவளுக்குக் காப்பி கலக்கப் போனார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. தப்பு நைனாவுடையது, பழி அம்மாவுக்கு. அதுவும் ஆராதனை முடிந்து வந்த கையோடு சொன்ன பொய். ஆண்டவர் என்ன செய்யப்போகிறாரோ என்று ஒரு வாரம் பயந்துகொண்டே இருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அம்மா பஸ் இறங்கி வந்து, அந்த ஃபிலிமையே ஒழுங்காக மாட்டி, நைனாவைப் படமெடுக்க ஆரம்பித்தாள். அரிசி களையும்போது எடுத்தாள். என் பின்னலோடு மல்லாடும்போது எடுத்தாள். தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அவர் நோட்டுத் திருத்தும்போதும் எடுத்தாள்.

"என்ன எதுக்கு எடுக்கற? செடிக்கி வெச்சிக்கோ" என்று நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கேட்கவில்லை. முப்பத்தாறும் முடியும்வரை அவர் பின்னாலேயே போனாள்.

வாங்கின ஃபிலிம் வீணாகக் கூடாதென்று எப்படியோ தீர்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.