மூர்லி தோண்டிய இடம்

இது எனக்கே நடந்தது. பேய் என்றாலே விழுந்து விழுந்து சிரித்தவள் நான். இப்போது யாராவது சிரித்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஆஸ்திரியாவின் டிரோல் மலையில் பனிச்சறுக்கு விடுமுறை. நான், என் கணவன் செவெரின், கறுப்பு நாய் மூர்லி. இலையுதிர் காலத்தில்தான் அதை நாய்க் காப்பகத்திலிருந்து எடுத்து வந்திருந்தோம். பெயரும் அங்கிருந்தே வந்தது.

கிளம்பும் முன் ஒருவர் பீப்பரை மற்றவர் சோதித்துப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். மார்பில் கட்டும் சின்னக் கருவி. பனியில் புதைந்தாலும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலே இருப்பவர் தன்னுடையதைத் தேடலுக்கு மாற்றி, சிக்னல் வரும் இடத்தைத் தோண்டலாம்.

"மூர்லிக்கும் ஒண்ணு கட்டிடலாமா புர்கி?" என்று என்னைக் கேட்டான் செவெரின்.

"கட்டு, கட்டு. அப்புறம் உன்னை விட்டுட்டு அதைத்தான் தோண்டுவேன்."

"இப்ப மட்டும் என்னவாம்? சாப்பாடே அதுக்குத்தான முதல்ல!"

சிரித்துக்கொண்டே என் கருவியைத் தேடலுக்குத் திருப்பினேன். பீப்... பீப்... திரையில் இரண்டு புள்ளிகள். எதிரே நின்றது செவெரின் ஒருவன்தான்; மூர்லிக்கு எதுவும் கட்டவில்லை.

"பாட்டரி பழசு. வா, போலாம்," என்றான்.

மூர்லி எங்களைப் பார்க்கவில்லை. ஆளில்லாத சரிவைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

பிற்பகலில் இறங்கும்போது மூடுபனி கவிந்தது. அவன் முன்னால் போனான். 'தும்' என்று ஒரு சத்தம்... சரிவே நழுவியது.

அவனைக் காணவில்லை.

கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் உயிர். கருவியைத் தேடலுக்குத் திருப்பினேன். மறுபடி இரண்டு புள்ளிகள். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம்.

இடப்பக்கம் மூர்லி அழுதபடி பனியைத் தோண்டிக்கொண்டிருந்தது. நாய்க்குத் தெரியாதா என்ன? அங்கே ஓடினேன்.

தோண்டினேன்... தோண்டினேன்...

கீழிருந்து அமுங்கிய ஒரு குரல்.

"மூர்லி..."

"செவெரின்! இதோ வந்துட்டேன்!"

இன்னும் ஆழமாகத் தோண்டினேன்.

தரை.

வெறும் புல்.

குரல் நின்றது. இடப்பக்கப் புள்ளி அணைந்தது.

வலப்பக்கம் தோண்டி அவன் முகத்தைத் துடைத்தபோது உதடுகள் நீலமாகியிருந்தன. மூச்சு இல்லை.

மீட்புக்குழு வந்தது. குழுத் தலைவர் லோயிஸ் நாயைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். மூர்லி அந்த வெறும் குழிக்குள் படுத்திருந்தது. செவெரின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த நாய் உங்ககிட்ட எப்படிம்மா வந்துச்சு?"

"காப்பகத்துல எடுத்தோம். ஏன்?"

"போன வருஷம் இதே சரிவுல ரோஸ்விதான்னு ஒரு பொண்ணு புதைஞ்சா. கூடவே அவ நாயும். புருஷன்காரன் நாய்க்கும் ஒரு பீப்பர் கட்டி விட்டிருந்தான். எங்களுக்கு ரெண்டு சிக்னல். நாங்க முதல்ல தோண்டி எடுத்தது... இந்த நாயை."

"அவ எங்க கிடந்தா?"

அவர் குழியைக் காட்டினார்.

பாவம் ரோஸ்விதா என்கிறார்கள் எல்லோரும். எனக்கு இரக்கம் வரவில்லை. தனக்குக் கிடைக்காத கால் மணி நேரத்தை என் கணவனிடமிருந்து பறித்துக்கொண்டாள்.

மூர்லி இன்னும் என்னோடுதான் இருக்கிறது. பனி கொட்டும் நாட்களில் சமையலறைத் தரையைப் பிறாண்டும். நானும் மண்டியிட்டுக் காதை வைத்துக் கேட்பேன். "மூர்லி..." என்று கேட்கும். பெண் குரல்.

செவெரின் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை.