ரோட்டில் மட்டும் வரும் நொண்டல்

மருத்துவமனை நடைக்கூடத்தில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது எனக்கு வலியைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. ஆயா என் புடவையை விலக்கி, கத்தரிக்கோலால் உள்பாவாடையைத் தொடைவரை வெட்டித் திறந்துவிட்டாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள். "ஐயோ, இது நம்ம கணக்கு டீச்சர் இல்ல?" என்று யாரோ ஒரு மாணவனின் அப்பா சொன்னது காதில் விழுந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நான் கண்ணை மூடினால் ஊருக்கு நான் தெரியமாட்டேன் என்று நினைத்தேன் பாருங்கள், அந்தப் புத்தியை என்ன சொல்ல!

இது எண்பதுகளின் கடைசி. குடியிருப்பது பெருங்களத்தூரில், வேலை தாம்பரத்தில் ஒரு பள்ளியில். காலையில் பஸ் எங்கள் வீட்டுப் பக்கமே நிற்கும். மாலையில் எதிர்ப்பக்கம் இறக்கிவிடும். நடுவில் ஜி.எஸ்.டி. ரோடு, தென்மாவட்டத்து லாரியும் பஸ்ஸும் பறக்கிற ரோடு. கடக்கக் கோடு இல்லை, விளக்கு இல்லை, ஒதுங்கி நிற்க ஒரு திட்டுகூட இல்லை. பாதி ரோட்டைக் கடந்து, நட்டநடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, அப்புறம் மீதியைக் கடப்பதுதான் எங்கள் வழக்கம். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். அப்படி நின்றிருந்தபோது ஒரு வேன் என் இடதுபக்கத்தில் மோதிவிட்டுப் போய்விட்டது.

"ஃபீமர் முறிஞ்சிருக்கு" என்றார் டாக்டர். (ஃபீமர் என்பது தொடை எலும்பு. உடம்பிலேயே நீளமானது.) அதை நேராக்க டிராக்ஷனில் போட்டார்கள். (முழங்காலுக்குக் கீழே கம்பி செருகி, அதில் எடை கட்டிக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவது.) பிறகு அறுவை சிகிச்சை செய்து உலோகத் தகடு வைத்தார்கள்.

உங்களில் யாருக்காவது இது வந்திருந்தால், வலியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்பானைப் பற்றிச் சொல்கிறேன். (படுத்தபடியே மலம் கழிக்க இடுப்புக்குக் கீழே வைக்கும் பாத்திரம்.) என் அக்கா எஸ்தர்தான் ஊரிலிருந்து வந்து அதைச் செய்தாள். அவள் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதெல்லாம் நான் அழுவேன்.

"எதுக்குடி அழற? சின்ன வயசுல உனக்கு நான் செய்யாததா?" என்பாள்.

"அப்ப எனக்கு வெக்கம் தெரியாதேக்கா."

"இப்பவும் தெரியாத மாதிரி இரு. எனக்கும் வேலை சீக்கிரம் முடியும்" என்று அதட்டுவாள். அந்த அதட்டல்தான் எனக்குப் பாதி மருந்து. பரிதாபப்படுகிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், அதட்டுகிறவர்களை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறொரு வேதனை தொடங்கியது. என் மகள் பியூலா ஆறாம் வகுப்பு. என் பள்ளியில்தான் படிக்கிறாள். என்னோடு கைபிடித்து ரோட்டைக் கடந்த பிள்ளை, இப்போது தனியாகக் கடக்க வேண்டியிருந்தது. கணவர் வேலையிலிருந்து திரும்ப இருட்டிவிடும். அக்காவும் ஊருக்குப் போய்விட்டாள். சாயங்காலம் பியூலா கேட்டைத் திறக்கும் சத்தம் வரும்வரை எனக்கு உயிரே இருக்காது. ரோட்டில் ஏதாவது ஹாரன் நீளமாக அடித்தால் ஜெபம் பாதியில் நின்றுவிடும். எனக்கு ஆனது ஆகிவிட்டது, அவளுக்கு ஆகக்கூடாது. வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் எங்கள் நகர் நலச் சங்கத்துச் செயலாளர் ராகவன் சார் மனுவோடு வந்தபோது முதல் கையெழுத்துப் போட்டேன். பஸ் நிற்குமிடத்தில் கடக்கும் கோடு வேண்டும், காலையும் மாலையும் ஒரு போலீஸ்காரர் வேண்டும், நடுவில் நிற்க ஒரு திட்டு வேண்டும். பெரிய ஆசை ஒன்றுமில்லை, நடந்து போகிறவர்கள் உயிரோடு வீடு சேர வேண்டும் என்கிற ஆசைதான். ராகவன் சார் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பொறுமைசாலி. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்.

நெடுஞ்சாலைத் துறை இன்ஜினியர் இடத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தபோது நான் ஊன்றுகட்டைகளை விட்டிருந்தேன். பிசியோதெரபி (தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சிகிச்சை) நல்ல பலன் கொடுத்திருந்தது. கொஞ்சம் சாய்ந்த நடை, அவ்வளவுதான். பள்ளிக்குக்கூடப் போகத் தொடங்கியிருந்தேன். நான் இல்லாதபோது விட்டுப்போன பாடங்களுக்கு மாலையில் தனி வகுப்பு எடுத்ததால், பியூலா எனக்கு முன்பே தனியாக வந்துவிடுவாள்.

முந்தின நாள் ராகவன் சார் வந்தார். காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"டீச்சர், தப்பா நினைக்கக் கூடாது. நாளைக்கு மட்டும் கட்டையோட வர முடியுமா?"

கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சார் இது? நல்லா நடக்கிறவ எதுக்குக் கட்டை பிடிக்கணும்? நாங்க என்ன பிச்சையா எடுக்கிறோம்?"

"மனுவை யாரும் படிக்கிறதில்ல சார். பாத்தாத்தான் மனசு இறங்குது" என்றார் அவர். அவர் முகத்திலும் வெட்கம் இருந்தது.

நான் பியூலாவை நினைத்தேன். "கொண்டு வரேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. இன்ஜினியர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் எனக்குத்தான் முதலில் நாற்காலி போடச் சொன்னார். "கடந்து காட்டுங்கம்மா, பாக்கலாம்" என்றார். கூட வந்த போலீஸ்காரர் விசில் அடித்து இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். நான் இரண்டு கட்டைகளையும் ஊன்றிக்கொண்டு இறங்கினேன். தேவைக்கு அதிகமாகவே காலை இழுத்தேன். பள்ளி ஆண்டுவிழாவில்கூட மேடை ஏறாதவள் நான். பஸ் ஜன்னல்களில் இருந்து எத்தனை கண்கள்! "ச்சொ, ச்சொ" என்று ஒரு அம்மாள் சொன்னது எனக்குக் கேட்டது. எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தபோது முதுகு முழுக்க வியர்வை.

"பாவம்" என்றார் இன்ஜினியர். கோடு வந்துவிட்டது. போலீஸ்காரரும் வந்தார், சில வாரங்கள் நின்றார், பிறகு காணோம். திட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. வெள்ளைக் கோடு மட்டும் அழகாக இருந்தது. ஒரு வண்டியும் அதை மதிக்கவில்லை. ராகவன் சார் மறுபடி மனு எழுத உட்கார்ந்தார்.

ஆனால் வண்டிகள் வேறொன்றுக்கு நின்றன. அதை முதலில் கண்டுபிடித்தவள் பஸ் நிறுத்தத்தில் பூ விற்கும் கன்னியம்மா. எனக்கு இருந்த மிச்சச் சாய்வைப் பார்த்து லாரிக்காரர்கள் பிரேக் போட்டார்கள். கோட்டுக்கு இல்லாத மரியாதை நொண்டலுக்கு இருந்தது.

"டீச்சரம்மா, நீ வந்தாத்தான் லாரிக்காரன் நிக்கிறான். வா வா, உனக்குத்தான் எல்லாரும் காத்துகினு கீறோம்" என்பாள். சாயங்காலங்களில் என்னைச் சுற்றி ஒரு கூட்டம் சேரும். கம்பெனி விட்டு வரும் பெண்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆண்கள், கைக்குழந்தைக்காரிகள். நான் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்குவேன். "நல்லா சாச்சினு நட டீச்சரம்மா!" என்று பின்னாலிருந்து கன்னியம்மா குரல் கொடுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சாய்த்துக்கொண்டுதான் நடப்பேன்.

கடைசியாக மருத்துவரைப் பார்க்கப் போனேன். எக்ஸ்ரேயில் காலஸ் (முறிந்த இடத்தில் வளர்ந்து கூடும் புது எலும்பு) கெட்டிப்பட்டு, முறிவே தெரியவில்லை. நாடா வைத்து இரண்டு கால்களையும் அளந்தார். நடைக்கூடத்தில் போய்த் திரும்பி வரச் சொன்னார்.

"சுத்தமா நடக்கிறீங்க. இனிமே வர வேண்டாம்."

"நொண்டுறேனே டாக்டர்."

"எங்க நொண்டுறீங்க?"

"ரோட்டக் கடக்கிறப்போ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வலிக்குதா அப்போ?"

"இல்ல டாக்டர்" என்றேன். அவர் எக்ஸ்ரேயை உறையில் போட்டு நீட்டினார். அந்த அறையிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. பாவாடையை வெட்டிய நாளில்கூட அவ்வளவு கூசவில்லை. என் உடம்பு குணமாகிவிட்டது. ஆனால் குணமானதை ரோட்டில் காட்ட எனக்குத் தைரியம் இல்லை. எது என் நடை என்று எனக்கே தெரியாமல் போயிருந்தது.

அதற்குப் பிறகும் நொண்டுவதை விட்டுவிடவில்லை நான். ஒரு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தேன். சாயங்காலம் ரொட்டி வாங்க எங்கள் பக்கத்துக் கடைக்கு வந்தேன். எதிரே பஸ் நின்று பியூலா இறங்கினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

பிறகு இடது தோளைத் தாழ்த்தினாள். இடது பாதத்தை வெளியே திருப்பினாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கியபடி, காலை இழுத்து இழுத்துக் கோட்டின்மேல் நடந்து வந்தாள். இடுப்பைப் பிடிப்பதுகூட என்னைப் போலவே. பழகிய நடை. இன்றைக்குத் தொடங்கியது இல்லை என்று பார்த்ததும் தெரிந்தது.

ஒரு லாரி கிரீச்சென்று நின்றது. கிளீனர் தலையை நீட்டி, "பாத்து மெதுவாப் போ பாப்பா" என்றான். பாவம், அவன் குரலில் அத்தனை இரக்கம்.

இந்தப் பக்கம் ஏறியதும் பியூலா என்னைப் பார்த்துவிட்டாள். சந்தோஷமாக ஓடி வந்தாள்.

"என்னடி அது?"

"எதும்மா?"

"அந்த நடை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பத்தானேம்மா நிக்கிறாங்க. நீயும் அப்படித்தானே போற?"

அடிக்கக் கை ஓங்கினேன். யாரை அடிக்க? கை அப்படியே இறங்கிவிட்டது. அவள் பையை வாங்கிக்கொண்டேன். ரொட்டி வாங்க மறந்து வீட்டுக்கு வந்தோம். அன்றிரவே ராகவன் சாரிடம் போய், அடுத்த முறை இன்ஜினியர் வந்தால் கட்டையில்லாமல் வருவேன், இரண்டு காலும் சரியாக இருக்கிறவள் இந்த ரோட்டைக் கடக்க முடியுமா என்று அவர் பார்க்கட்டும் என்று சொன்னேன்.

இப்போது பியூலா பள்ளியிலேயே எனக்காகக் காத்திருக்கிறாள். ஒன்றாக வந்து இறங்குகிறோம். "இன்னா டீச்சரம்மா, இன்னிக்கும் நொண்ட மாட்டியா? வூட்ல உலை வெக்கணும்மா" என்று கன்னியம்மா சலித்துக்கொள்கிறாள். மாட்டேன் என்கிறேன். முன்பு சட்டென்று தீர்ந்த வேலை இது. இப்போது பொழுது சாய்கிறவரை நிற்க வேண்டியிருக்கிறது.

"அம்மா, இப்ப?" என்று பியூலா கையை இழுக்கிறாள்.

"இல்ல."

"இப்ப?"

லாரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. என் இடது கால் தானாகச் சாயப் பார்க்கிறது. அதை நேராக ஊன்றிக்கொண்டு நிற்கிறேன்.