அவர் கண்ணுக்கு வைத்த சக்கரம்

மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகும்போது என் கணவர் தன் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவை என்னிடம் விட்டுப்போனார்.

"ஏட்டி, பூட்டி வைக்காத. எடுத்துப் பழகு. மழை பெஞ்சா நம்ம பருத்திக்காட்டை எடுத்து அனுப்பு" என்றார்.

மழை பெய்தது, பருத்தியும் முளைத்தது. ஆனால் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. படம் மட்டும் தெளிவாக விழுந்தது. கேமராவைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்து கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

ஸ்டுடியோக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒங்க வீட்டுக்காரவிய கண்ணாடி போடுவாவளா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. படம் எடுக்கையில கழத்திருவாவ."

"அதான். இங்கன சின்னச் சக்கரம் இருக்கு பாருங்க. அவிய கண்ணுக்குத் தக்கன திருப்பி வச்சிருக்காவ."

சொல்லிக்கொண்டே கேமராவை என் கண்ணில் வைக்கச் சொல்லி, அந்தச் சக்கரத்தைத் திருப்பினார். எதிர்க்கடைப் பலகையின் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சந்தோஷமாகத்தான் கிளம்பினேன்.

ஊர் திரும்பப் பசுவந்தனை பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவர் கண் இருந்த இடத்தில் என் கண்ணை வைத்திருக்கிறேன். சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பினேன். ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு கலங்கல். அவருடையது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பருத்திக்காட்டுப் படங்களை அனுப்பிவிட்டு, போனில் அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"இதுக்குப் போயி வருத்தப்படுதியா? நான் வந்து திருப்பிக்கிடுதேன்."

"எப்ப வாரீங்க?"



"பருத்தி நல்லா மொளச்சிருக்கு" என்றார்.

இப்போது நன்றாகவே எடுக்கிறேன். ஆனாலும் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் முதலில் அந்தச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பித் தேடுகிறேன்.