அரண்மனைத் தூசி யார் செலவில்?

பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் போய்ப் பார்க்கலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். தகும். ஆனால் நான் போனது 1993 ஓகஸ்ட்டில், அரண்மனையை முதன்முதலாகச் சனங்களுக்குத் திறந்துவிட்ட கோடையில். சுற்றிப் பார்க்கிற ஆசையில் போனேன் என்று நினைக்க வேண்டாம். ஓர் ஆங்கிலப் பரீட்சையில் மூன்றாவது தடவையும் தோற்றுவிடுவேனோ என்ற பயத்தில் போனேன்.

அப்போது நான் குரோய்டனில் ஒரு பெரிய அரசாங்க அலுவலகக் கட்டடத்தில் கிளீனிங் வேலை செய்துகொண்டிருந்தேன். காலை ஐந்து மணி தொடக்கம் எட்டு மணி வரை ஒரு ஷிப்ட், பின்னேரம் இன்னொன்று. அங்கே ஐந்து வருடம் ஆகியிருந்தது. எங்கள் சூப்பவைசர் வேலையை விடப்போகிறார், அந்த இடத்துக்கு உன்னை எடுக்கலாம் என்று மனேஜரே சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, மாலை வகுப்பில் ஆங்கிலம் பேசுகிற பரீட்சையில் பாஸ் பண்ணிய சான்றிதழ் வேண்டும். முன்கூட்டியே கொடுத்த தலைப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும், பிறகு பரீட்சகர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் தடவை 'எனக்குப் பிடித்த பருவகாலம்'. அடுத்த தடவை 'தொலைக்காட்சியின் நன்மை தீமைகள்'. நாங்கள் படித்த முறை தெரியும்தானே, இரண்டையும் எழுதி, வரி பிசகாமல் பாடமாக்கிக்கொண்டு போனேன். இரண்டு தடவையும் இரண்டாவது நிமிடத்தில் ஒரு சொல் தவறியது. அதோடு மிச்சம் எல்லாம் போய்விட்டது. வாயைத் திறந்தபடி நின்றேன். மூன்றாவது தடவையும் போனால் பிறகு இடமில்லை என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது தடவைக்கு என் கையில் வந்த துண்டில் இருந்த தலைப்பு: 'அரச மாளிகைகளின் பராமரிப்புக்கு வரிப்பணத்தைச் செலவிடலாமா?'

அது அப்போது ஊரெல்லாம் பேசிய விஷயம். முந்தைய வருடக் கடைசியில் விண்ட்சர் கோட்டையில் தீப்பிடித்து ஒரு பகுதி எரிந்துபோனது. திருத்துகிற செலவு யார் தலையில் என்று பஸ்ஸிலும் கடையிலும் சண்டை. கடைசியில் அந்தச் செலவுக்குக் காசு சேர்க்கத்தான் பக்கிங்ஹாமின் கதவைக் கோடைக்குத் திறந்து டிக்கெட் போட்டார்கள். பெரியவர்களுக்கு எட்டு பவுண்ட். நான் வீட்டில் வாய் திறந்ததும் இவர், என் கணவர், பேப்பரை மடித்து வைத்தார்.

"எட்டு பவுண்ஸோ? டிவியில முழுக்கக் காட்டினவங்கள்தானே, பாத்திட்டீர். பிறகு என்னத்துக்கு? நான் ரெண்டு பக்கம் எழுதித் தாறன், பாடமாக்கும்."

"ரெண்டு தரம் பாடமாக்கிக் கண்டது காணும். நான் போய்ப் பாக்கப் போறன்" என்றேன்.

அவர் எழுதத்தான் எழுதினார். அரசு, மக்கள், ஜனநாயகம் என்று கனமான சொற்களாகப் போட்டு இரண்டு பக்கம். அதையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மறுப்பதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை, ஷிப்ட் முடிந்த கையோடு கிளம்பினோம். நாங்கள் என்றால் நானும் சுந்தரியும். சுந்தரிக்கு மதுரை. என்னோடு அதே மாடியில் வேலை. தோர்ண்டன் ஹீத்தில் எனக்கு அடுத்த தெரு. வீட்டுக்குப் போய் முகம் கழுவி, நல்ல சட்டை மாற்றி, 9.42 ரயிலைப் பிடித்தோம். விக்டோரியாவுக்கு நேரே போகிற ரயில், இருபத்தைந்து நிமிடம், தூரம் ஏழெட்டு மைல். நாள் முழுக்கச் செல்லுகிற டிராவல்கார்ட் மூன்று பவுண்ட் சொச்சம், சரியான பென்ஸ் கணக்கு ஞாபகமில்லை. விக்டோரியாவில் இறங்கி அரண்மனைக்கு நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம்.

டிக்கெட் வரிசையில் ஒரு மணி நேரமும் ஐந்து நிமிடமும் நின்றோம். சுந்தரி முழுக்க ஒரே பேச்சு.

"அக்கா, இதுல பேச என்னக்கா இருக்கு? அவங்க வீடு, அவங்க செலவு பண்ணிக்கட்டும். மாசாமாசம் நம்ம சம்பளத்துல புடிக்கிறாங்களே, அது எதுக்கு? அவங்க திரைச்சீலை துவைக்கவா?"

எனக்கும் அப்போது அதே எண்ணம்தான். சம்பளச் சீட்டில் 'வரி' என்ற இடத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இதையே பேசிவிட்டால் போச்சு, ஐந்து நிமிடம் ஓடிவிடும் என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டுதான் 11.45க்கு உள்ளே போனேன்.

உள்ளே பதினெட்டு அறைகள். படம் எடுக்கக்கூடாது. கயிறு கட்டிய பாதை வழியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் சித்திரங்களையும் சிம்மாசனத்தையும் பார்த்தார்கள். என்னத்தைச் சொல்ல, நான் முதலில் பார்த்தது கதவுக் கைப்பிடியை. பித்தளையா, முலாமா என்று குனிந்து பார்த்தேன். பிறகு படிக்கட்டின் கம்பி அழிகள். ஒவ்வொன்றிலும் இலையும் கொடியுமாக வேலைப்பாடு, துணியை விட்டு ஒவ்வொரு மடிப்பாகத் தூசி எடுக்க வேண்டும். அதற்கப்பால் சங்கீத அறையின் மரத்தரை, சின்னச் சின்னத் துண்டுகளாக இழைத்துப் பொருத்தியது. தண்ணீர் கூடினால் ஊதிப்போகும் சாமான். மேலே சரவிளக்கு.

சுந்தரி என் முழங்கையை இடித்தாள். "அக்கா, இது ஒண்ணை இறக்கித் துடைக்கிறதுக்குள்ள நம்ம மாடி முழுக்க முடிச்சிரலாம்."

"முடிக்க ஏலும். ஆனா இதில கை வைக்க உன்னையும் என்னையும் விடமாட்டினம்" என்றேன்.

அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தப் பிசகு நடந்தது. நம் ஊர்க் கோயிலில் ஒரு மின்விசிறி மாட்டினாலும் அதன் மேல் 'உபயம்: இன்னார்' என்று எழுதாமல் விடுவார்களா? குழல் விளக்கின் வெளிச்சத்தைவிட எழுத்துத்தான் பெரிதாக இருக்கும். அந்தப் பழக்கத்தில் நான் விளக்கின் அடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கயிற்றோரம் நின்ற பணியாளரிடம் போய் ஆங்கிலத்தில் கேட்டேவிட்டேன்: "இதற்குக் காசு கொடுத்தவர் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?"

அறுபது வயது இருக்கும், கோடைக்கு மட்டும் வேலைக்கு வந்த மனிதர். முதலில் அவருக்கு விளங்கவில்லை. எங்கள் கோயில் முறையை விளக்கினேன். திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் செலவு, அன்றைக்கு அந்தக் குடும்பம்தான் முன்னால் நிற்கும், காளாஞ்சி என்கிற பிரசாதத் தட்டு முதலில் அவர்களுக்குத்தான் என்று சொன்னேன். காளாஞ்சிக்கு ஆங்கிலம் கிடைக்காமல் கையால் தட்டு மாதிரிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "அப்படிப் பெயர் எழுதத் தொடங்கினால் சுவர் போதாது, அம்மா. வரி கட்டுகிற எல்லாருடைய பெயரையும் எழுத வேண்டும். உங்களுடையதையும்தான்" என்றார்.

நான் விடவில்லை. இந்தத் தரைக்கு மெழுகு எப்படி, திரையைக் கழற்றுவார்களா அல்லது தொங்கவிட்டே தூசி எடுப்பார்களா என்று கேட்டேன். அவர் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். என் வேலையைப் பற்றித் திருப்பிக் கேட்டார். வரிசை எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. சுந்தரி இரண்டு அறை தாண்டிப் போய்விட்டுத் தேடிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"எம்புட்டு நேரம்க்கா, பதினஞ்சு நிமிஷமா இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு நிக்கிறீங்க. தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. வெளியே தோட்டத்தில் புல்லில் நடக்கும்போது கால் நிலத்தில் படாத மாதிரி இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

பரீட்சை அடுத்த வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு. இவர் எழுதிய இரண்டு பக்கமும் கைப்பையிலேயே கிடந்தது, வெளியில் எடுக்கவில்லை. பரீட்சகர் கண்ணாடி போட்ட ஒரு பெண். நான் தொடங்கினேன்: "நான் ஒரு கிளீனர். போன புதன்கிழமை அரண்மனைக்குப் போனேன். முதலில் கதவுக் கைப்பிடியைப் பார்த்தேன்." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான் துடைக்கிற அலுவலகமும் வரிக்காசில்தான் மினுங்குகிறது. உள்ளே இருக்கிற அதிகாரியை எனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, கண்ணாடியை அழுக்காக விட்டுவிட்டுப் போவதில்லை. ஆட்கள் மாறுவார்கள், கட்டடம் இருக்கும். அதனால் அரண்மனைக்கும் வரிப்பணம் கொடுக்கலாம். ஆனால் உபயகாரனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்த முடியாது. செலவு எங்களுடையது என்றால் கதவும் எங்களுக்குத் திறக்க வேண்டும். அவர்கள் படுக்கிற அறையை அவர்கள் காசில் துடைக்கட்டும்.

கேள்வி வந்தது. "நீங்கள் எட்டு பவுண்ட் கொடுத்துத்தானே உள்ளே போனீர்கள்? வரியும் கட்டி, டிக்கெட்டும் வாங்குவது நியாயமா?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. பழைய இரண்டு தடவையும் வந்த அதே மௌனம் வரப்பார்த்தது. ஆனால் இந்த முறை மறப்பதற்கு என்னிடம் பாடமாக்கியது எதுவும் இல்லையே.

"நியாயமில்லை" என்றேன். "ஒன்றைத்தான் கேட்க வேண்டும். வரியில் பராமரித்தால் கதவைச் சும்மா திறக்கட்டும். டிக்கெட்டில் பராமரித்தால் என் சம்பளத்தைத் தொடக்கூடாது."

"இரண்டில் உங்களுக்கு எது விருப்பம்?"

"வரி. டிக்கெட் என்றால் எட்டு பவுண்ட் வைத்திருக்கிறவன் மட்டும்தான் பார்ப்பான். வரி என்றால் அது எல்லாருடைய வீடு."

"கதவைச் சும்மா திறக்கமாட்டோம் என்று அரண்மனை சொன்னால்?"

"அப்படியென்றால் பித்தளை பொலிஷையும் அவர்களே வாங்கட்டும்."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

முடிவைச் சொல்லுமுன், போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். உள்ளே பார்க்க விடுவது பெரும்பாலும் கோடையில்தான், தேதியைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். இப்போது டிக்கெட்டை வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், நாங்கள் நின்றதுபோல நிற்கத் தேவையில்லை. விலை எட்டு பவுண்ட் என்று நம்பிக்கொண்டு போய் என்னைத் திட்டாதீர்கள், அது எப்போதோ ஏறிவிட்டது. இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். குதிகால் சப்பாத்து வேண்டாம், சுந்தரி போட்டுக்கொண்டு வந்து அவதிப்பட்டாள். கயிற்றோரம் நிற்கிறவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், அவர்களும் பேச ஆள் இல்லாமல்தான் நிற்கிறார்கள். வரிப்பணத்தில் பராமரிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் இன்றைக்கும் அதேதான், ஒரு சொல்லும் மாறவில்லை.

முடிவு பதினொரு நாள் கழித்துத் தபாலில் வந்தது. இவர்தான் உறையைக் கிழித்தார். வாசித்துவிட்டு என் கையில் தந்தார். பாஸ். கீழே பரீட்சகர் தன் கையால் ஒரு குறையும் எழுதியிருந்தார்: "நேரம் முடிந்தது என்று இரண்டு தடவை சொல்லியும் இவர் பேச்சை நிறுத்தவில்லை."