ஹெஸ்டரின் கோணல் புகைபோக்கி

காசிஸ்பாய் என்ற கடற்கரை ஊரின் மீனவர்களுக்கு ஹெஸ்டர் ஆடோனிஸின் புகைபோக்கிதான் கடலில் வழிகாட்டி. படகிலிருந்து பார்த்தால் அதன் கிழக்கு விளிம்பு பின்னாலுள்ள மணல்மேட்டுப் பள்ளத்தில் பொருந்த வேண்டும். மேற்கே இருக்கும் இரண்டு பாறைகளில் ஒன்றின் பின்னால் மற்றது மறைய வேண்டும். அங்கே தூண்டிலை இறக்கினால் ரோமன் மீன் கிடைக்கும். சிவந்த உடம்பும் நடுவே வெள்ளைப் பட்டையும் கொண்ட அந்த மீன், தன் பாறைப் பொந்தை விட்டு விலகாது. படகு கொஞ்சம் தள்ளி நின்றாலும் கீழே வெறும் மணல்தான்.

கணவன் இறந்த பிறகும் ஆண்டுதோறும் ஹெஸ்டரே ஏணியில் ஏறி அதற்குச் சுண்ணாம்பு அடிப்பாள். வேறு யாரையும் ஏற விட்டதில்லை.

1964 ஆகஸ்டில் அடித்த புயலில் புகைபோக்கி இடிந்து விழுந்தது. கடல் அடங்கியதும் போன படகுகள் ரோமன் இல்லாமல் திரும்பின. மீன் வாங்க வரும் வண்டிக்காரன் இரண்டு முறை வெறும் வண்டியோடு போனான். மூன்றாவது முறை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

ஹெஸ்டர் தானே கல்லடுக்கத் தொடங்கினாள். கொழுந்தன் அப்ராம் தூக்குக்குண்டு நூலோடு வந்தான்.

"அண்ணி, மேல போகப்போகக் கிழக்கால சாயுது."

"முன்னாடியும் சாஞ்சுதான் இருந்துச்சு. உங்கண்ணன் கட்டினதாச்சே."

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ அதைக் கடல்லேர்ந்துதானே பாத்திருக்க. நான் பக்கத்துல நின்னு பாத்தவ."

முன்பெல்லாம் சுண்ணாம்பு அடிக்க ஏணியைச் சமையலறைப் படியில் ஊன்றி மேல் கம்பில் நின்றால், பழைய கிழக்கு விளிம்பு அவள் இடது தோளில் உரசும். இப்போதும் ஒவ்வொரு வரிசைக் கல்லுக்கும் அப்படியே ஏறி நின்று பார்த்தாள். கடைசிக் கல் தோளில் உரசிய பிறகுதான் சுண்ணாம்பு அடித்தாள்.

மறுநாள் விடியலில் அப்ராமின் படகு போனது. ஹெஸ்டர் கரைக்குப் போகவில்லை. வீட்டிலேயே கத்தி தீட்டினாள். மதியத்தில் அவன் இரு கையாலும் ஒரு பெரிய ரோமனைத் தூக்கிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"படகு நிறைய இருக்கு, அண்ணி. முதல் தூண்டில்லயே கடிச்சுது."

அவள் மீனின் வயிற்றைக் கீறிப் பார்த்தாள். "ஆண் மீன்."

"இந்த மீன்ல சின்னதெல்லாம் பொட்டை. பெருசாகிப் பொந்தை ஆள ஆரம்பிச்சா ஆணாயிடும். நீங்களும் அப்படித்தான்."

"பொந்தை ஆள எனக்கு மீசை வேண்டாம்டா," என்றாள் ஹெஸ்டர். "வண்டிக்காரனுக்கு ஆள் அனுப்பு. இந்த மீன் தலை எனக்கு."