இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

எங்கள் தெருவில் பக்திக்கு என்னைத்தான் காட்டுவார்கள். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

மாதா கோயிலுக்குப் போகிற குருநகர் வேதக்காரப் பையன் ஒருவனைக் கட்டப் போவதாக என் மகள் சொன்னாள். அவள் கோயில், சாமி எதையும் நம்பாதவள்.

"அம்மனிட்டைப் பூக்கட்டிக் கேப்பம். வெள்ளையெண்டால் கட்டு, சிவப்பெண்டால் விடு" என்றேன்.

"உங்கடை அம்மன் உங்கடை பக்கம்தானே கதைப்பா" என்று சிரித்தாள். பிறகு, "சரி, உங்களுக்காக" என்றாள்.

பூக்களை வாழையிலைத் துண்டுகளில் வைத்து இரண்டு பொட்டலமாகக் கட்டியது நான். இரண்டிலும் சிவப்புச் செவ்வரத்தையையே வைத்தேன்.

சந்நிதியில் ஒன்றை எடுத்துப் பிரித்தவள் நெடுநேரம் அந்தச் சிவப்பையே பார்த்தாள்.

"மற்றதையும் அவிட்டுப் பாப்பமே அம்மா?"

"அம்மனைச் சோதிக்கக் கூடாது பிள்ளை."

"ஓம்" என்றாள். அன்றே அவனிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

பதினெட்டு வருடமாயிற்று. அவள் வேறு யாரையும் கட்டவில்லை. இப்போது வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறாள். அம்மன் தனக்கு நல்லதைத்தான் சொன்னாள் என்கிறாள். உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அம்மன் பதில் சொல்லுவாள் என்று நான் மெய்யாகவே நம்பினேன். வெள்ளையைத் தந்துவிடுவாளோ என்ற பயத்தில்தான் அம்மனுடைய வாயை முன்பே கட்டிவிட்டேன்.